பேருந்து விரைவது எப்படி?

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். வாலாஜாபாத், உத்திரமேரூர், செய்யாறு, அரக்கோணம் எனப் பல ஊர்களிலிருந்தும் வண்டிகள் வந்த வண்ணம் இருக்கும். நெய்து முடித்த சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வரும் நெசவாளர், கோயில்களைக் காண வந்த வெளியூர்க் குடும்பம், கல்லூரி மாணவர், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர் என்று பலரும் அங்கே கூடியிருப்பார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: வண்டி எப்போது கிளம்பும், எப்போது போய்ச் சேரும்?

பேருந்து ஏன் மெதுவாகச் செல்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் ஓட்டுநரைக் குறை சொல்வோம். அல்லது வண்டி பழையது, எஞ்சின் சரியில்லை என்போம். ஆனால் எந்தச் சாதாரணப் பேருந்தின் எஞ்சினும் நகருக்குள் தேவைப்படுவதைவிட மிகுந்த வேகத்தில் வண்டியை இழுக்க வல்லது. அப்படியானால் நம் நேரம் எங்கே போகிறது? இதற்கு விடை தேடியவர்கள்தாம் ‘விரைவுப் பேருந்து முறை’ என்னும் போக்குவரத்து முறையை உருவாக்கினார்கள். பி.ஆர்.டி. என்று சுருக்கமாக வழங்கும் இம்முறையில் எந்தெந்த நுட்பங்கள் பயன்படுகின்றன, அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு சிறு கணக்கு

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 கி.மீ. நீளமுள்ள ஒரு நகரப் பேருந்துத் தடத்தை எடுத்துக்கொள்வோம். வழியில் 20 நிறுத்தங்களும் விளக்குகள் உள்ள 8 சந்திப்புகளும் இருக்கின்றன. தடையின்றி ஓடும்போது வண்டியின் வேகம் மணிக்கு 30 கி.மீ. என்று கொண்டால், ஓட்டத்திற்கு மட்டும் ஆகும் நேரம் 24 நிமிடம்.

இனி மற்ற செலவுகளைக் கூட்டுவோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் இறங்கி ஏற 40 விநாடி என்றால் மொத்தம் 13 நிமிடம் 20 விநாடி. நிறுத்தத்தை நெருங்கும்போது வேகம் குறைப்பதிலும் மீண்டும் வேகம் எடுப்பதிலும் 15 விநாடி வீதம் வீணாவது 5 நிமிடம். சந்திப்பு ஒவ்வொன்றிலும் 45 விநாடி காத்திருந்தால் 6 நிமிடம். ஆகப் பயணம் முழுவதற்கும் 48 நிமிடம் 20 விநாடி ஆகிறது. சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ. மட்டுமே. மிதிவண்டியில் சற்று விரைந்து செல்பவர் நம்மோடு கூடவே வந்துவிடுவார்!

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, வண்டியை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓட்டுவது. அப்போது ஓட்டத்திற்கு 18 நிமிடம்தான் ஆகும். மிச்சமாவது 6 நிமிடம். அதற்கு ஈடாக எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்; விபத்துக்கு இடமும் கூடும். இரண்டாவது வழி, வண்டியின் வேகத்தைத் தொடாமல், நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தை 40 விநாடியிலிருந்து 15 விநாடியாகக் குறைப்பதும், சந்திப்புகளில் காத்திருப்பதைப் பாதியாக்குவதும் ஆகும். இதில் மிச்சமாவது 11 நிமிடம் 20 விநாடி. பயணம் 37 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதில் இன்னொரு இலாபமும் ஒளிந்திருக்கிறது. இந்தத் தடத்தில் 5 நிமிடத்திற்கு ஒரு வண்டி விட வேண்டுமானால், போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு முன்பு 20 வண்டிகள் தேவைப்பட்டன. இப்போது 15 வண்டிகள் போதும். மீதி 5 வண்டிகளை வேறு தடத்திற்கு அனுப்பலாம்.

பேருந்தை விரைவாக்கும் இரகசியம் அது ஓடும் விதத்தைக் காட்டிலும் நிற்கும் விதத்தில்தான் அதிகமாக இருக்கிறது. விரைவுப் பேருந்து முறையின் நுட்பங்கள் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவையே.

தேர் வீதியும் தனிப் பாதையும்

வைகாசி மாதப் பெருவிழாவில் வரதராசப் பெருமாளின் தேர் காஞ்சி வீதிகளில் வலம் வரும். அன்று அந்த வீதிகளில் வேறு வாகனங்கள் செல்வதில்லை. குறுக்கே தொங்கும் மின்கம்பிகளைக்கூட முன்னதாகவே அகற்றிவிடுவார்கள். அவ்வளவு பெரிய தேர் நிலைக்கு வந்து சேர வேண்டுமானால் அதற்கென்று ஒரு வழி இருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்த செய்தி.

விரைவுப் பேருந்து முறையின் முதல் உறுப்பும் இத்தகைய தனிப் பாதைதான். சாலையின் நடுப்பகுதியில் இரு திசைக்கும் ஒவ்வொன்றாகப் பேருந்துக்கென்றே பாதைகள் ஒதுக்கப்படுகின்றன. ஓரத்தில் ஒதுக்கினால் என்ன என்று கேட்கலாம். சாலை ஓரத்தில் கடைக்குச் சரக்கு இறக்கும் லாரி நிற்கும், ஆட்டோ திரும்பும், பக்கத்துத் தெருவிலிருந்து வண்டிகள் நுழையும். நடுவில் இந்தத் தொல்லைகள் குறைவு.

இம்முறையை முதன்முதலில் பெரிய அளவில் நடத்திக் காட்டியது தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டிலுள்ள குரிச்சிபா நகரம். கட்டடக் கலைஞரான ஜெய்மி லெர்னர் அந்நகரின் மேயராக இருந்தபோது, 1974-இல் பேருந்துக்கான தனிப் பாதைகள் அங்கே திறக்கப்பட்டன. சுரங்க இரயில் அமைக்கப் பணம் இல்லாத நகரம், இரயிலின் நற்குணங்களைப் பேருந்துக்குக் கொடுத்துப் பார்த்தது எனலாம். பின்னர் 2000-இல் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவிலும், 2004-இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவிலும் இம்முறை வந்தது.

இந்தியாவில் புனே நகரம் 2006-இல் முதல் சோதனையைத் தொடங்கியது. நம் நாட்டில் இம்முறையின் பல உறுப்புகளையும் ஒருங்கே கொண்டு வந்த நகரம் அகமதாபாத். காஞ்சியைப் போலவே நெசவால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே ‘ஜன்மார்க்’, அதாவது மக்கள் பாதை என்னும் பெயரில் 2009 அக்டோபரில் 12.5 கி.மீ. நீளத்திற்குத் தொடங்கிய இந்த முறை, பின்னர் 80 கி.மீ.-க்கும் மேலாக வளர்ந்தது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1986-இல் திறக்கப்பட்ட பாதை இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே பேருந்தின் முன் சக்கரங்களுக்கு அருகே பக்கவாட்டில் சிறு வழிகாட்டிச் சக்கரங்கள் பொருத்தப்பட்டுள்ளன. பாதையின் இருபுறமும் உள்ள கான்கிரீட் விளிம்பில் இவை உருண்டு சென்று வண்டியைத் தாமே திருப்புகின்றன. தேரைத் திருப்ப முட்டுக்கட்டை இடுவதை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். இதனால் குறுகலான பாதையிலும் வண்டி அச்சமின்றி விரைகிறது.

படி இல்லாத பேருந்து

நம் ஊர்ப் பேருந்தில் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். ஏறுவதற்கு இரண்டு மூன்று படிகள். இளைஞருக்கு இது ஒரு தாவல். ஆனால் காலமெல்லாம் குழித்தறியில் கால் மிதித்துத் தேய்ந்த முழங்காலோடு ஏறும் முதியவருக்கு ஒவ்வொரு படியும் ஒரு மலை. அவர் ஏறி முடிக்கும்வரை பின்னால் பத்துப் பேர் நிற்க வேண்டும். அவர்களுடைய அவசரம் அவரை இன்னும் தடுமாறச் செய்யும். சக்கர நாற்காலியில் வருபவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவருக்கு அந்தப் பேருந்து இல்லாதது போலத்தான்.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, பேருந்தின் தளத்தைத் தாழ்த்துவது. தாழ்தளப் பேருந்தில் தளம் 40 செ.மீ. உயரத்தில் அமைகிறது. மற்றொன்று, பயணிகள் நிற்கும் மேடையைப் பேருந்தின் தள உயரத்திற்கு உயர்த்துவது. இரயில் நிலையத்தில் இருப்பது போலத்தான். மேடையும் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஏறுவது, இறங்குவது என்ற சொற்களுக்கே வேலை இல்லை; பயணி நடந்து உள்ளே போகிறார், நடந்து வெளியே வருகிறார்.

குரிச்சிபாவில் 1991-இல் கண்ணாடிக் குழாய் வடிவில் நிலையங்கள் அமைத்தார்கள். வண்டி வந்து நின்றதும் அதன் கதவருகே உள்ள பலகை விரிந்து மேடைமேல் படியும். பேருந்துக்கும் மேடைக்கும் இடையே உள்ள இடைவெளியை இந்தப் பலகை பாலம் போல் மூடிவிடுகிறது. அகமதாபாத்தில் மேடை சாலையின் நடுவே இருப்பதால் பேருந்துக்கு வலப்பக்கத்திலும் அகலமான கதவுகள் வைத்தார்கள். நம் நாட்டில் ஓட்டுநரின் இருக்கையும் வலப்பக்கத்தில்தானே உள்ளது? ஆதலால் மேடையின் விளிம்பை அவர் நேராகப் பார்த்து, வண்டியை ஒட்டி நிறுத்துவது எளிதாகிறது.

துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில் 2007-இல் இம்முறை வந்தபோது ஒரு வேடிக்கை நேர்ந்தது. அந்நாட்டில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்பவை. பேருந்துக் கதவுகளும் வலப்பக்கமே. நடு மேடைக்கு அவை பொருந்தவில்லை. எனவே பேருந்துகளை மாற்றாமல், தனிப் பாதையில் மட்டும் அவற்றை நம் நாட்டைப் போல இடப்பக்கமாக ஓட விட்டுவிட்டார்கள்!

சீட்டு வாங்கும் நேரம்

கூட்டம் மிகுந்த வண்டியில் நடத்துநர் முன்னும் பின்னும் நெருக்கித் தள்ளிச் சென்று சீட்டுக் கொடுப்பதையும், சில்லறைக்காக வாதாடுவதையும் நாம் நாளும் காண்கிறோம். சீட்டுக் கொடுத்து முடியவில்லை என்பதற்காகவே வண்டி வழியில் சிறிது நேரம் நிற்பதும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. எனினும் கணக்குக்காக அவர்களுக்கும் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

விரைவுப் பேருந்து முறையில் இந்த வேலையை வண்டிக்கு வெளியே கொண்டு போய்விட்டார்கள். நிலையத்திற்குள் நுழையும்போதே கட்டணம் முடிந்துவிடுகிறது. ஆகையால் வண்டியின் எல்லாக் கதவுகளிலும் ஒரே நேரத்தில் ஏறலாம், இறங்கலாம். நிலைய வாயிலில் பயணி ஓர் அட்டையைக் காட்டுகிறார்; தடுப்பு விலகி வழி விடுகிறது.

அந்த அட்டைக்குள் மின்கலம் கிடையாது. பிறகு எப்படி அது வேலை செய்கிறது? 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதன் அடிப்படை. ஒரு கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உண்டாகும். அப்புலத்தில் வேறொரு சுருளைக் கொண்டு போய் வைத்தால் அதில் மின்னோட்டம் பிறக்கும். வாயிலில் உள்ள கருவியில் ஒரு சுருள் இருக்கிறது. அதன் காந்தப்புலம் விநாடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை மாறிக்கொண்டே இருக்கிறது. அட்டையின் ஓரமாக மெல்லிய கம்பி பல சுற்றாக ஓடுகிறது. அட்டையைச் சில செ.மீ. தூரத்திற்குள் கொண்டு வந்ததும் அந்தக் கம்பியில் மின்சாரம் பிறந்து, நடுவே உள்ள சிறு சில்லு விழித்துக்கொள்கிறது.

விழித்த சில்லுக்கும் கருவிக்கும் இடையே ஓர் இரகசிய உரையாடல் நடக்கிறது. கருவி ஓர் எண்ணைச் சொல்லும். சில்லு, தன்னிடம் மறைத்து வைத்துள்ள திறவெண்ணைக் கொண்டு கணக்கிட்டு விடை சொல்லும். விடை சரியானால் அட்டை உண்மையானது. ஒவ்வொரு முறையும் கேள்வி மாறுவதால், ஒட்டுக் கேட்பவன் பழைய விடையைத் திருப்பிச் சொல்லி ஏமாற்ற இயலாது. பிறகு கட்டணம் கழிகிறது. இவ்வளவும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். ஹாங்காங் நகரில் 1997-இல் இத்தகைய அட்டை பெரும் அளவில் புழக்கத்திற்கு வந்தது. இந்தியாவில் 2019-இல் நாடு முழுவதற்குமான பொது அட்டை அறிமுகமாயிற்று. சென்னை மாநகரப் பேருந்துகளிலும் 2025 முதல் அட்டையைக் காட்டிப் பயணம் செய்ய முடிகிறது.

விளக்கோடு பேசும் வண்டி

தனிப் பாதையில் விரைந்து வந்த பேருந்தும் சந்திப்பில் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைப்பதே அடுத்த நுட்பம்.

சாலையின் மேற்பரப்புக்குக் கீழே கம்பிச் சுருள் ஒன்றைப் புதைத்து அதில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். மேலே உலோகத்தாலான வண்டி வந்து நின்றால் சுருளின் மின்தூண்டல் பண்பு மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு வண்டி வந்திருப்பதைக் கருவி உணர்கிறது. மேலே கண்ட பயண அட்டைக்கு இதுவும் நெருங்கிய உறவுதான். சில நகரங்களில் பேருந்தே வானொலி அலைகள் மூலம் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று விளக்கின் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அறிவிக்கிறது.

செய்தி கிடைத்ததும் கட்டுப்பாட்டுக் கருவி இரண்டில் ஒன்றைச் செய்யும். பச்சை எரிந்துகொண்டிருந்தால், பேருந்து கடக்கும்வரை சில விநாடிகள் அதை நீட்டிக்கும். சிவப்பு எரிந்துகொண்டிருந்தால், அதைச் சில விநாடிகள் சுருக்கிப் பச்சையை முன்னதாகவே தரும். இது தீயணைப்பு வண்டிக்கு வழி விடுவது போன்ற முழு உரிமை ஆகாது. குறுக்குச் சாலையில் நிற்பவர்களுக்கும் சாலையைக் கடக்கும் பாதசாரிகளுக்கும் உரிய குறைந்த அளவு நேரத்தை வெட்டாமல்தான் இந்தச் சலுகை கொடுக்கப்படுகிறது.

இரண்டு வண்டிகள் ஏன் சேர்ந்து வருகின்றன?

அரை மணி நேரம் காத்திருந்தும் வராத வண்டி, வரும்போது இரண்டாகச் சேர்ந்து வருவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். இதற்குக் காரணம் கணிதத்திலேயே உள்ளது.

10 நிமிடத்திற்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தத்திற்கு நிமிடத்திற்கு ஒருவர் வருகிறார் என்றால், ஒவ்வொரு வண்டிக்கும் 10 பேர் காத்திருப்பார்கள். ஏதோ காரணத்தால் ஒரு வண்டி 2 நிமிடம் தாமதமாகிவிட்டது. அதற்குள் 12 பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர்களை ஏற்ற நேரம் கூடுதலாகும். அடுத்த நிறுத்தத்திற்கு இன்னும் தாமதமாகப் போகும். அங்கே இன்னும் பலர் காத்திருப்பார்கள். பின்னால் வரும் வண்டிக்கோ 8 பேர்தான் மிச்சம். அது விரைவாகக் கிளம்பி முன் வண்டியை நெருங்கிக்கொண்டே வரும். கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முன் வண்டியில் கால் வைக்க இடமிருக்காது. பின் வண்டி காலியாக வரும். 1964-இலேயே நியூவெல், பாட்ஸ் என்னும் இரு அறிஞர்கள் இதைக் கணித முறையில் விளக்கியிருக்கிறார்கள். ஓட்டுநர்கள் எவ்வளவு நேர்மையாக ஓட்டினாலும், தடுக்காவிட்டால் இது தானாகவே நேரும் என்பது குறிப்பிடத்தக்கது.

தடுக்க வேண்டுமானால் எந்த வண்டி எங்கே இருக்கிறது என்பது அந்தந்த நொடியில் தெரிய வேண்டும். இதற்குச் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த அலை விநாடிக்கு 3 இலட்சம் கி.மீ. வேகத்தில் வந்தும், நம்மை அடைய நூறில் ஏழு பங்கு விநாடி ஆகிறது. புறப்பட்ட நேரத்திற்கும் வந்த நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். மூன்று தொலைவுகள் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு விநாடி பிசகினாலும் இடம் 300 மீட்டர் தவறிவிடும். பேருந்தில் உள்ள சாதாரணக் கடிகாரத்திற்கு அவ்வளவு துல்லியம் ஏது? அந்தப் பிழையைத் திருத்தவே நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது.

இவ்வாறு அறிந்த இடத்தைப் பேருந்திலுள்ள கருவி, செல்பேசி வலைப்பின்னல் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகிறது. அங்கே உள்ளவர்கள் பின் வண்டியை ஒரு நிலையத்தில் அரை நிமிடம் நிறுத்தி வைத்து இடைவெளியைச் சமப்படுத்தலாம். நேரம் மிச்சப்படுத்த வந்த முறையில் நிறுத்தி வைப்பதா என்று வியக்க வேண்டாம். ஒரு வண்டியில் உள்ளவர்கள் இழக்கும் அரை நிமிடம், வரப்போகும் நிறுத்தங்களில் காத்திருப்பவர்களின் பல நிமிடங்களை மீட்டுத் தருகிறது. நிலையத்தில் ‘அடுத்த வண்டி 3 நிமிடத்தில்’ என்று பலகை காட்டுவதும் இதே செய்தியைக் கொண்டுதான்.

நீண்ட வண்டி

கூட்டம் மிகுந்த தடங்களில் வண்டியின் நீளத்தைக் கூட்டுகிறார்கள். சாதாரணப் பேருந்து ஏறத்தாழ 12 மீட்டர்; இரண்டு உடல்களை இணைத்த தொடர் பேருந்து 18 மீட்டர். குரிச்சிபாவில் 1992-இல் மூன்று உடல்கள் கொண்ட 25 மீட்டர் வண்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் 270 பேர் வரை செல்லலாம். உடல்கள் சேரும் இடத்தில் ஒரு சுழல் வட்டும், அதைச் சுற்றி ஆர்மோனியத் துருத்தி போன்ற மடிப்பு உறையும் இருக்கும். சென்னையில் ஓடிய ‘வெஸ்டிபுள்’ பேருந்துகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதன்று. வளைவில் பின்னுடல் கட்டுமீறி மடங்கிவிடாதபடி, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தணிப்பான்கள் அந்த இணைப்பில் பொருத்தப்படுகின்றன.

ஒரு நிலையத்தில் பல வண்டிகள் ஒருங்கே நிற்க இடமும், நிற்கும் வண்டியைத் தாண்டிச் செல்ல இன்னொரு பாதையும் அமைத்த பொகோட்டாவில், நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கும் மேல் செல்கிறார்கள். பல இரயில் தடங்களுக்கு ஈடான எண்ணிக்கை இது.

தில்லி தரும் பாடம்

இவ்வளவு நன்மைகள் உள்ள முறை எல்லா இடத்திலும் வெற்றி பெற்றதா? இல்லை. அதையும் அறிந்துகொள்வது நமக்குத் தேவை.

தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. நீளத்திற்கு 2008-இல் தனிப் பாதை அமைத்தார்கள். பாதை தனியாக இருந்தது. ஆனால் மற்ற உறுப்புகள் பல வரவில்லை. சீட்டு வண்டிக்குள்ளேயே கொடுக்கப்பட்டது. தாழ்தள வண்டிகளோடு பலவகைப் பேருந்துகளும் அதே பாதையில் ஓடின. நிறுத்தங்கள் சந்திப்புகளை ஒட்டி அமைந்திருந்தன. வண்டிகள் அங்கே வரிசையாகத் தேங்கின. பக்கத்துப் பாதையில் நெருக்கியடித்து நின்ற கார்க்காரர்களின் கோபம் நாளுக்கு நாள் வளர்ந்தது. 2015-இல் அதைக் கைவிட முடிவு செய்து, 2016-இல் அகற்றிவிட்டார்கள். போபால் நகரிலும் 2024-இல் இத்தகைய பாதையை அகற்றத் தொடங்கினார்கள்.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒரு நெசவு உண்டு. சேலையின் உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம். மூன்று நாடாக்களை ஓட்டி, இரண்டு பேர் ஒரே தறியில் இருந்து, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி நெய்வார்கள். எந்த நாடா தவறினாலும் அங்கே பிணைப்பு விட்டுப் போகும். விரைவுப் பேருந்து முறையும் அத்தகையதே. பாதை, மேடை, கதவு, சீட்டு, விளக்கு, கட்டுப்பாடு இவையெல்லாம் ஒன்றையொன்று பற்றி நிற்க வேண்டும். பாதையை மட்டும் கொடுத்தால் அது காலியாகக் கிடக்கும் இடமாகவே மற்றவர் கண்ணுக்குப் படும். ‘எங்கள் சாலையைப் பறித்துவிட்டார்கள்’ என்பார்கள்.

சாலை யாருடையது என்பதே இதற்குள் உள்ள கேள்வி. பேருந்து ஒன்றில் 60 பேர் செல்கிறார்கள். காருக்கு இருவர் வீதம் அவர்கள் சென்றால் 30 கார்கள் வேண்டும். காருக்கும் இடைவெளிக்குமாக 7 மீட்டர் என்று கொண்டால் 210 மீட்டர் நீள வரிசை. பேருந்துக்கு 15 மீட்டர் போதும். சாலையை வண்டிகளின் எண்ணிக்கைப்படி பங்கிடுவதா, மனிதர்களின் எண்ணிக்கைப்படி பங்கிடுவதா என்பதைக் கருவிகள் தீர்மானிக்க மாட்டா. மக்கள்தாம் தீர்மானிக்க வேண்டும்.

காஞ்சிக்கு எது பொருந்தும்?

காஞ்சியின் இராச வீதிகளும் காந்தி சாலையும் நடுவில் இரண்டு பேருந்துப் பாதைகளை ஒதுக்கும் அளவுக்கு அகலமானவை அல்ல. இரு புறமும் பட்டுக் கடைகள். உள்ளே நெசவாளர் தெருக்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோயில். வீதியை அகலமாக்குவது என்றால் இவற்றில் எதையாவது இடிக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட விரைவு நமக்கு வேண்டாம்.

ஆனால் மேலே கண்ட நுட்பங்கள் எல்லாமே அகலமான சாலையைக் கேட்பவை அல்ல. மேடையின் உயரத்தைச் சீராக்கவோ, தாழ்தள வண்டி விடவோ, ஏறும் முன்பே சீட்டுக் கொடுக்கவோ, அடுத்த வண்டி எப்போது என்று பலகையில் காட்டவோ ஒரு கட்டடத்தையும் இடிக்க வேண்டியதில்லை.

தனிப் பாதையைக்கூட நாள் பார்த்து ஒதுக்கலாம். 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை நீரிலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைக் காண, 2019 சூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள்கள் மக்கள் வெள்ளமாய்த் திரண்டார்கள். அப்போது நகரின் எல்லையில் தற்காலிகப் பேருந்து நிலையங்களை அமைத்து, அங்கிருந்து சிற்றுந்துகளில் மக்களை உள்ளே அழைத்து வந்தார்கள். வெளியூர் வண்டிகளை எல்லையில் நிறுத்திவிட்டு, உள்வீதிகளைச் சிறு பேருந்துக்கும் கால்நடைக்கும் விட்டுக்கொடுத்த அந்த ஏற்பாடு, விரைவுப் பேருந்து முறையின் உட்கருத்தோடு ஒத்ததே. ஆண்டுதோறும் வரும் கருட சேவைக்கும் தேரோட்டத்திற்கும் இதனோடு முன்சீட்டும் சம மேடையும் சேர்ந்தால், கூட்டத்தில் சிக்கித் திணறும் முதியோருக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் எவ்வளவு உதவியாக இருக்கும்!

நீங்களே செய்து பாருங்கள்

அடுத்த முறை பேருந்தில் செல்லும்போது ஒரு கடிகாரத்தையும் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: ஓடிய நேரம், நிறுத்தத்தில் நின்ற நேரம், மற்ற இடங்களில் நின்ற நேரம். வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் எத்தனை விநாடி, எதற்காக என்று குறித்துக்கொள்ளுங்கள். சில்லறைக்காகவா, படியில் ஏறத் தடுமாறியவருக்காகவா, குறுக்கே நின்ற வண்டிக்காகவா? ஒரு வாரம் குறித்துக் கூட்டிப் பார்த்தால் உங்கள் ஊர்ப் பேருந்துக்கு முதலில் தேவையான நுட்பம் எது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.